சுரூபம் பழுதுபார்க்கும் கடை: ஒரு வருடப் பாவனைக்குப் பிறகு

திருகோணமலையில் உடைந்த சுரூபத்தை நம்பிக் கொடுக்க ஓர் இடம் இருக்கிறதா என்று மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். பழுதுபார்த்து வந்த எங்கள் வீட்டுத் திரு இருதய ஆண்டவர் சிலையைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் கதை சொல்லி முடிக்க அரை மணித்தியாலம் போகிறது. ஆகவே எழுதியே வைத்துவிடுகிறேன். வேலை முடிந்து சுரூபம் வீட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. அப்போதே எழுதியிருந்தால் பாதி புகழ்ச்சியும் பாதி ஏச்சுமாக இருந்திருக்கும். ஒரு மாரி மழையைக் கண்ட பிறகு எழுதுவதுதான் நியாயம்.

நானும் பழுது பார்க்கிறவன்தான். ஃபிரிட்ஜ், ஏசி. இந்த ஊரின் உப்புக் காற்றில் எது எத்தனை மாதம் நிற்கும் என்பது எனக்கு மனப்பாடம். இன்னொருவர் செய்த வேலையைப் பார்க்கும்போது மேற்பூச்சு எப்படி இருக்கிறது என்று நான் பார்ப்பதில்லை, என் கண் நேரே மூட்டுக்குத்தான் போகும். அந்தக் கண்ணோடுதான் இதை எழுதுகிறேன். தொழிலாளியின் பெயரையோ கடையின் பெயரையோ போடவில்லை. பெயரைப் போட்டுக் குறை சொல்ல அவர் அப்படிப் பெரிய பிழை ஒன்றும் செய்யவில்லை. மட்டிக்களிப் பக்கம் போய், கோவில் வாகனங்களுக்கு வர்ணம் பூசுகிறவர் யார் என்று கேட்டால் காட்டுவார்கள்.

சுரூபத்தை உடைத்தது நான். அதை முதலே சொல்லிவிட வேண்டும்.

தவக்காலத்தின் கடைசி இரண்டு கிழமையும் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடி வைக்கும் வழக்கம் இப்போது எல்லாக் கோவில்களிலும் இல்லை. எங்கள் வீட்டில் இருக்கிறது. அம்மாவுக்கு வயது 81. ஐந்தாம் ஞாயிறு வந்தால் ஹோலில் இருக்கிற மூன்று சுரூபத்துக்கும் உறை போட்டுவிடுவார். தங்கச்சியின் பழைய பாவாடைத் துணியில் அவரே தைத்த உறைகள். உயிர்த்த ஞாயிறுக்கு முதல்நாளான பெரிய சனி பின்னேரம், பாஸ்குப் பூசைக்குப் போவதற்கு முன்பு கழற்ற வேண்டும். போன வருடம், அதாவது 2025 ஏப்ரல் 19, எனக்கு இரண்டு இடத்தில் வேலை, வீட்டுக்கு வரவே இருட்டிவிட்டது. “மேலால தூக்கு மகன், மெதுவா” என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் கீழிருந்து ஓர் இழுவை இழுத்தேன். துணியின் ஓரத்து நூல் ஒன்று நீட்டியிருந்த வலது கையில் சிக்கியது. துணி என் கைக்கு வந்தது. கூடவே ஆண்டவரின் கையும் வந்தது. சுரூபம் சாய்ந்து அலுமாரியின் விளிம்பில் மூக்கை இடித்துக்கொண்டு நின்றது. நல்ல காலம், தரையில் விழவில்லை.

அம்மா ஒரு சொல் சொல்லவில்லை. உடைந்த கையை எடுத்து, தன் சேலைத் தலைப்பில் துடைத்து, செபமாலைப் பெட்டிக்குள் வைத்தார். “சரி, பூசைக்கு நேரமாகுது” என்றார். அதற்கு நாலு ஏச்சு ஏசியிருக்கலாம்.

அந்தச் சுரூபம் இரண்டடி உயரம், பிளாஸ்டரில் வார்த்தது. 1974இல் அப்பா கொழும்பில் வேலை செய்தபோது கொச்சிக்கடையில் வாங்கி, அந்தோனியார் கோவிலிலேயே மந்திரித்து, இரவு ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தது. 1990இல் நாங்கள் வீட்டை விட்டு ஓடியபோது அரிசிச் சாக்குக்குள் இருந்து எங்களோடு வந்தது. சுனாமியில் அலுமாரிக்கு மேலே இருந்தபடியால் நனையவில்லை. இத்தனையையும் தாண்டி வந்ததை நான் ஒரு நூலில் உடைத்தேன்.

உயிர்த்த ஞாயிறு முழுக்க வீட்டில் மரண வீடு மாதிரி. திங்கட்கிழமை காலை, ஒரு துவாயில் சுற்றி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். கடை என்றாலும் அது ஒரு தகரக் கொட்டில்தான். வாசலில் இரண்டு மான்கள் நின்று, பூச்சு துடைத்துப் போட்ட பேப்பரை மென்றுகொண்டிருந்தன. நம்மூர் மானுக்கு எதுவும் ஆகாது. உள்ளே அரைவாசி பூசிய மயில் வாகனம், கொம்பு இல்லாத நந்தி, கையில் குழந்தை இயேசு இல்லாத அந்தோனியார், எல்லாரும் ஒரே பலகையில். ஒரு மூலையில் வானொலி. அவர் சாரத்தோடு, மூக்கில் இறங்கிய கண்ணாடியோடு, மயிலுக்குக் கீழே இருந்து வெளியே வந்தார். அறுபதுக்கு மேல் இருக்கும். நான் அண்ணன் என்றேன், அவர் தம்பி என்றார்.

இனி நல்லதைச் சொல்கிறேன். அவர் முதலில் உடைந்த இடத்தைப் பார்க்கவில்லை. சுரூபத்தின் உடம்பு முழுக்க நகத்தால் தட்டித் தட்டிக் காது கொடுத்தார். பலாப்பழம் பார்ப்பது போல. முதுகுப் பக்கம் ஓரிடத்தில் சத்தம் மாறியது. “இங்க உள்ளுக்குக் கழண்டிருக்கு. இண்டைக்கில்லாட்டி அடுத்த வருசம் விழும்” என்றார். பிறகு கையைப் பார்த்தார். மணிக்கட்டுக்குள் ஒரு இரும்புக் கம்பி, கறள் பிடித்துப் பென்சில் தடிப்புக்கு ஊதியிருந்தது. “நீங்க உடைக்கேல்ல தம்பி. கறள் உடைச்சது. இரும்பு ஊதினா பிளாஸ்டர் தாங்காது. நீங்க தொட்ட நேரம் விழுந்திட்டுது, அவ்வளவுதான்.” இதை அம்மாவிடம் வந்து சொன்னபோது அவர் நம்பவில்லை. நானும் முழுக்க நம்பவில்லை. ஆனாலும் வாடிக்கையாளரை இப்படி ஆறுதல்படுத்தத் தெரிந்த தொழிலாளியை எனக்குப் பிடிக்கும். கொம்பிரசர் எரிந்துபோனவரிடம் “கரண்ட் சரியில்லை” என்று நானும் சொல்வதுண்டு.

கூலி 12,000 ரூபா கேட்டார், 9,000க்கு வந்தார். கை, இரண்டு விரல், மூக்கு நுனி, முதுகுக்குள் கழன்ற இடம், முழுப் பூச்சு. முற்பணம் 3,000. விலை நியாயம். இதைக் கேட்டுவிட்டுச் சிலர் “இன்னும் கொஞ்சம் போட்டால் ஃபைபரில் புதுசு வாங்கலாமே” என்கிறார்கள். வாங்கலாம். அப்பா ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்த ஃபைபர் சுரூபம் எங்கே விற்கிறது என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

தவணைதான் சிக்கல். பூச்சு காய்வதோடு சேர்த்து மூன்று கிழமை வேண்டும் என்றார். எனக்கு ஐந்து நாளில் வேண்டியிருந்தது. அம்மா பெரிய வெள்ளியிலிருந்து இறை இரக்க நவநாள் செய்துகொண்டிருந்தார். ஒன்பது நாள், தினமும் பின்னேரம் மூன்று மணிக்கு அந்தச் சுரூபத்துக்கு முன்னால். இரண்டாம் நாளே சுரூபம் உடைந்துவிட்டது. அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 27, இறை இரக்க ஞாயிறு. அதற்கு முன் வந்தாக வேண்டும். அவர் மயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கோவில் கொடியேத்தம் இருக்கு தம்பி. சரி, அம்மாவுக்காக” என்றார்.

நாங்கள் பேசி முடிக்க மத்தியானமாகிவிட்டது. அப்போதுதான் என் போன் அடிக்கத் தொடங்கியது. பாப்பரசர் பிரான்சிஸ் காலமாகிவிட்டார் என்று தங்கச்சி. முதல்நாள் உயிர்த்த ஞாயிறன்று மாடத்தில் சக்கர நாற்காலியில் இருந்தபடி ஆசீர் கொடுத்தவரைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தோம். நான் துவாயை மடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் வானொலியை நிறுத்தினார். கத்தோலிக்கர் அல்ல அவர், நெற்றியில் திருநீறு. “மடுவுக்கு வந்தவர்தானே” என்று மட்டும் கேட்டார்.

ஆம், மடு மாதா கோவிலுக்கு வந்தவர். 2015 ஜனவரி 14, காலையில் காலிமுகத்திடலில் யோசேப் வாஸ் அடிகளாரைப் புனிதராக்கிவிட்டு, பின்னேரம் மடுவுக்கு வந்தார். அம்மாவும் பஸ் பிடித்துப் போயிருந்தார். தூரத்தில் வெள்ளையாக ஒரு பொட்டுத் தெரிந்தது என்பார், அந்தப் பொட்டைப் பற்றிப் பத்து வருடம் பேசினார். நான் வீட்டுக்கு வந்தபோது அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. “சுவாமிட கை விழுந்ததே, அப்பவே நினைச்சன்” என்றார். கோபம் வந்தது எனக்கு. உரோமாபுரியில் 88 வயதில், மாதக்கணக்கில் நோயாக இருந்த ஒருவருக்கும் எங்கள் வீட்டுப் பாவாடை நூலுக்கும் என்னம்மா தொடர்பு என்று கேட்டேன். “தொடர்பு இல்லாட்டி நல்லது” என்றார். இப்படிப் பேசுகிறவரோடு எப்படித் தர்க்கம் செய்வது?

நான் எங்கே நிற்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. அம்மாவை ஞாயிறு தவறாமல் பூசைக்குக் கூட்டிப்போகிறேன். உள்ளே போவதில்லை. வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு, ஒலிபெருக்கியில் வருவதைக் கேட்பேன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோவிலிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்தது. ஹோட்டல்களையும் சேர்த்து 250க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அப்பா சுரூபத்தை மந்திரித்த அதே கோவில். அடுத்த ஞாயிறு நாட்டில் பூசை இல்லை. கர்தினால் தன் இல்லத்துச் சிற்றாலயத்தில் வைத்த பூசையைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அம்மா திரு இருதய ஆண்டவரைத் தூக்கி வந்து தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தார். நாங்கள் முன் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தோம். அன்றைய நற்செய்தி எல்லா வருடமும் அந்த ஞாயிறு வாசிப்பதுதான், யோவான் 20. சீடர்கள் பயத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறார்கள், இயேசு நடுவில் வந்து நின்று தன் கைகளைக் காட்டுகிறார், தோமையார் அங்கே இல்லை. ஆணிக் காயத்தில் விரலை இட்டாலொழிய நம்பமாட்டேன் என்கிறார் அவர்.

அம்மா அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, ஒரு கேள்விதான் வந்தது. பூட்டிய கதவுக்குள்ளால் வரத் தெரிந்தவருக்கு, போன கிழமை திறந்த கதவால் பையோடு வந்தவனைத் தடுக்கத் தெரியவில்லையா? பிறகு ஒரு நாள் பாதரிடமே கேட்டேன். அவர் வேறு பேச்சுக்கு மாறவில்லை, புத்தகத்தில் இருக்கிற பதிலையும் எடுத்து நீட்டவில்லை. “எனக்கும் தெரியாது” என்றார். அதனால் அவர்மேல் மரியாதை கூடியது, ஆனால் நான் உள்ளே போகவில்லை. தோமையார் மாதிரி என்று சொந்தக்காரர் பகிடி பண்ணுவார்கள். அதில் எனக்கு வெட்கமில்லை. காஸ் ஒழுகுகிறது என்று வாடிக்கையாளர் சொன்னதற்காக நான் குழாயை வெட்டுவதில்லை. மூட்டில் சோப்பு நுரை வைப்பேன். குமிழி வந்தால்தான் ஒழுக்கு. தோமையார் கேட்டதும் அதைத்தானே?

சரி, கடைக்கு வருவோம்.

புதன்கிழமை வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தேன். வாடிக்கையாளர் இடையில் வந்து நின்றால் எனக்குப் பிடிக்காது, அவருக்கும் பிடித்திருக்காது. ஆனால் நிற்க விட்டார். கறள் கம்பியை முழுக்க இழுத்து எடுத்துவிட்டுப் பித்தளைக் கம்பி போட்டிருந்தார். இது முக்கியம். இரும்பையே திரும்பப் போட்டிருந்தால் இன்னும் பத்து வருடத்தில் அதே இடத்தில் வெடிக்கும். புது பிளாஸ்டர் வைப்பதற்கு முன்னால் பழைய முறிவு முகத்தில் தூரிகையால் தண்ணீர் வைத்தார், அது உறிஞ்சியது. திரும்ப வைத்தார், உறிஞ்சியது. நாலாம் முறை தண்ணீர் மேலேயே பளபளத்துக்கொண்டு நின்றது. “ஐம்பது வருசத் தாகம். குடிக்கக் குடுக்காட்டி புதுசில இருக்கிற தண்ணியை இழுத்துப்போடும், பிறகு ஒட்டாது” என்றார். பிறகுதான் குழைத்ததை வைத்தார். மூட்டு அத்தனை சுத்தம். குழாய் மூட்டு ஒட்டுகிற பிரேசிங் வேலை பழகுகிற பெடியங்களைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் போலிருந்தது.

அம்மா ஒரு விஷயம் சொல்லி அனுப்பியிருந்தார். உடைந்த துண்டு, சுரண்டுகிற தூள் எதையும் குப்பையில் போடக்கூடாது, மந்திரித்த பொருள், வீட்டு மண்ணில் புதைக்க வேண்டும். சொல்ல எனக்குக் கூச்சம். அவர் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. ஒரு பிஸ்கட் பேணியை எடுத்து அதற்குள் எல்லாவற்றையும் கூட்டிச் சேர்க்கத் தொடங்கினார். கறள் கம்பியையும் போட்டார். “எங்கட பக்கம் கடலில விடுவம்” என்றார். சேவைக்கு மதிப்பெண் போடுவதென்றால் இந்தப் பேணிக்கே பாதியைக் கொடுத்துவிடலாம். இப்போது எல்லாம் எங்கள் முருங்கைக்குக் கீழே இருக்கிறது.

கண் விஷயத்தில் ஒரு சின்ன இழுபறி. சுரூபத்தின் கண்கள் பூச்சில் வரைந்தவை, மங்கியிருந்தன. கண்ணைக் கடைசியாகத்தான் எழுதுவேன், அந்த நேரம் யாரும் கொட்டிலில் இருக்கக் கூடாது, நல்ல நேரம் பார்க்க வேண்டும் என்றார். கோவில் சிற்ப வேலையில் கண் திறப்பது அப்படித்தான். அம்மாவிடம் சொன்னேன். “எங்கட ஆண்டவர் கண்ணை மூடினதே இல்லை எண்டு சொல்லு” என்றார். நான் அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் தன் நேரத்துக்கே எழுதினார். கண்கள் நன்றாக வந்திருக்கின்றன, முன்பை விடக் கொஞ்சம் விழித்துப் பார்க்கிறார்.

சனிக்கிழமை, 26ஆம் திகதி, பகல் ஒன்றரை தொடங்கிப் பாப்பரசரின் அடக்கப் பூசையைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, பொழுதுபட எடுத்துவரப் போனேன். இங்கேதான் முதல் குறை. நிறம். அப்பாவின் சுரூபத்தில் மேலாடைச் சிவப்பு காய்ந்த செவ்வரத்தம் பூ மாதிரி அடங்கிய சிவப்பு. இவர் பூசியிருந்தது குங்குமம். தங்கக் கரையை அவர் கேட்காமலே ஒரு விரல் அகலம் கூட்டியிருந்தார். இருதயத்தைச் சுற்றிய கதிர்களைத் தைப்பூசத்துக்குப் புறப்படுகிற மாதிரி எழுப்பியிருந்தார். “பழைய நிறம்தான் வேணும்” என்று நான் சொல்லவில்லை, அது என் பிழை. நீங்கள் போனால் கட்டாயம் சொல்லுங்கள். முடிந்தால் பழைய பூச்சில் ஒரு செதில் பெயர்த்துக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா நிறத்தைப் பற்றி முணுமுணுக்கவில்லை. கண்ணில் பூ விழுந்தவர், நிறம் அவ்வளவு தெரியாது. நான்தான் புறுபுறுத்தேன். அதற்கு அவர், இறை இரக்கப் பக்தி பரவக் காரணமான பவுஸ்தீனம்மாவின் கதையைச் சொன்னார். 1934இல் வில்னியூஸ் பட்டணத்தில் ஓர் ஓவியர் இறை இரக்கப் படத்தை வரைந்து முடித்தபோது, தான் கண்டதைப் போல அழகாக இல்லையே என்று அந்தக் கன்னியாஸ்திரி அழுதாராம். படத்தின் மேன்மை நிறத்திலும் தூரிகையிலும் இல்லை, என் அருளில்தான் இருக்கிறது என்று ஆண்டவர் சொன்னாராம். நானும் விடவில்லை. அந்தப் பக்தியையே உரோமாபுரி 1959இல் நிறுத்தி வைத்தது, 1978இல்தான் திரும்ப விட்டது, 2000ஆம் ஆண்டில்தான் அவரைப் புனிதராக்கினார்கள், கிட்டத்தட்ட இருபது வருடம் திருச்சபைக்கே சந்தேகம் இருந்திருக்கிறதே அம்மா என்றேன். “இருந்திட்டுப் போகட்டும். பிறகு வந்தவைதானே” என்றார்.

இவ்வளவும் சொல்லிக்கொண்டே சுரூபத்தின் வலது கையைத் தடவினார். திரும்பத் தடவினார்.

“ஓட்டை எங்க?”

எந்த ஓட்டை என்றேன். உள்ளங்கையில் ஆணித் தழும்பு இருந்த இடம். பழைய சுரூபத்தில் அது சிவப்புப் பூச்சு மட்டும் இல்லை, மிளகு அளவு ஒரு பள்ளம். வார்க்கும்போதே விட்டது. அண்ணன் அதை உடைவு என்று நினைத்துப் புட்டி வைத்து அடைத்து, தேய்த்து, பூசியிருந்தார். கை குழந்தையின் கை மாதிரி வழுவழுவென்று இருந்தது. எனக்குப் பார்த்தபோது படவே இல்லை. ஐம்பது வயது வரைக்கும் அந்தச் சுரூபத்தோடு ஒரே வீட்டில் இருந்தவன், அந்தக் கையில் பள்ளம் இருந்தது எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். ஒவ்வொரு இரவும் செபமாலை முடிந்ததும் பெருவிரலை அதன்மேல் வைத்துத்தான் கடைசிச் செபத்தைச் சொல்வார். பூசையில் நற்கருணையை உயர்த்தும்போதும் அதே செபம்தான் வாய்க்குள்: என் ஆண்டவரே, என் தேவனே. தோமையார் சொன்னது.

அன்றிரவு அவர் விரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு இருந்ததை நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன்.

ஞாயிறு காலை பூசை. வெளியே நின்று ஒலிபெருக்கியில் கேட்டேன். நற்செய்தியை முழுக்கக் கேட்டால் ஒன்று தெரியும், தோமையார் உண்மையில் விரலை வைத்தார் என்று அங்கே எழுதியில்லை. இடு என்கிறார் இயேசு, உடனே தோமையார் பேசிவிடுகிறார். அம்மாவை வீட்டில் இறக்கிவிட்டு, சுரூபத்தைத் திரும்பவும் துவாயில் சுற்றிக்கொண்டு மட்டிக்களிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமையிலும் அண்ணன் மயிலுக்குக் கீழேதான் இருந்தார்.

கையைக் காட்டினேன். இது உடைவு இல்லை அண்ணன், காயம் என்றேன். அவருக்கு உடனே விளங்கியது. தலையில் கை வைத்தார். மன்னிப்புக் கேட்டார், கூலியில் ஆயிரத்தைத் திருப்பித் தர எடுத்தார், நான் வாங்கவில்லை. திரும்ப அந்த இடத்தில் துளைத்தால் போதும் என்றேன். அப்போதுதான் அவர் பின்வாங்கினார்.

“தம்பி, நான் அடைச்சது தெரியாமல். தெரிஞ்சுகொண்டு சாமிட கையில ஓட்டை போடச் சொல்லாதீங்க. நான் மாட்டன்.”

வற்புறுத்திப் பார்த்தேன். மயில், நந்தி, அந்தோனியார் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க இரண்டு பேரும் வாதாடினோம். மாட்டேன் என்றால் மாட்டேன். “வேணுமெண்டா நீங்க செய்யுங்க” என்று கருவிப் பெட்டியைத் தள்ளிவிட்டார். மெஷின் வேண்டாம், வெடித்துவிடும். மூன்று மில்லிமீற்றர் பிட் ஒன்றை எடுத்து விரலாலேயே திருகத் தொடங்கினேன். எவ்வளவு ஆழம் என்று தெரிய வேண்டுமே. இடது கையை அவர் தொடவில்லை, அதன் புறத்தில் பழைய தழும்பு அப்படியே இருந்தது. அதற்குள் என் சுண்டுவிரல் நகத்தின் முனையை விட்டு அளந்தேன். நகம் பாதி வரைக்கும் போனது. விளிம்பு அம்மாவின் விரல் பட்டுப் பட்டு மழுங்கியிருந்தது, அந்தக் கையையும் விட்டுவைத்ததில்லை போலும். திரும்ப வந்து வலது கையில் அதே ஆழத்துக்குத் திருகினேன். வெள்ளைத் தூள் என் மணிக்கட்டில் கொட்டியது. அண்ணன் ஒரு சொல்லும் பேசாமல் பிஸ்கட் பேணியைக் கொண்டுவந்து கீழே பிடித்தார். அவர் கை நடுங்கியது. என் கையைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

சிவப்பை அவரே வைத்தார். குங்குமச் சிவப்பில்லை, கொஞ்சம் கறுப்புக் கலந்து, கேட்காமலே.

பின்னேரம் மூன்று மணிக்கு முன்னால் சுரூபம் அலுமாரியில் இருந்தது. திரும்ப மந்திரிக்க வேண்டுமா என்று பாதரிடம் கேட்டோம். கை போனதற்காக ஆசீர் போகாது என்றார். என்றாலும் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து தீர்த்தம் தெளித்தார்.

இப்போது ஒரு வருடக் கணக்கு. மூட்டு: மயிரிழை வெடிப்பும் இல்லை, டோர்ச் அடித்துப் பார்த்தேன். முதுகு: தட்டினால் ஒரே சத்தம். மூக்கு: சரி. தங்கக் கரை இன்னும் மின்னுகிறது, துரதிர்ஷ்டம். மணிக்கட்டில் மாரிக்குள் பூச்சு இரண்டு இடத்தில் கொப்பளித்தது. பிளாஸ்டர் காயமுன் பூச வைத்தது நான், அதை அவர் தலையில் போட முடியாது. மூன்று கிழமை கேட்டால் மூன்று கிழமை கொடுங்கள். வலது உள்ளங்கையில் சிவப்பு போய்விட்டது. அம்மாவின் பெருவிரல்தான் காரணம். பள்ளத்தின் உள்ளே வெள்ளை தெரிகிறது.

போகிறவர்களுக்கு: காலை பத்து மணிக்கு முன்னால் போங்கள், பிறகு வெயிலில் கொட்டில் கொதிக்கும், அவர் தூங்கிவிடுவார். திருவிழாக் காலத்தில் கொடுக்காதீர்கள். நிறத்தைச் சொல்லுங்கள். எது உடைவு, எது உடைவு இல்லை என்பதைத் தொட்டுக் காட்டுங்கள். முதலில் வீட்டில் யார் அந்தச் சுரூபத்தோடு பேசுகிறார்களோ அவர்களிடம் கேட்டுக்கொண்டு போங்கள், உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம்.

போன கிழமை அண்ணனை மீன் கடையடியில் கண்டேன். கொப்பளித்ததையும் கையையும் கொண்டுவந்தால் காசு வாங்காமல் திருத்தித் தருகிறேன் என்றார். அம்மாவிடம் சொன்னேன். மணிக்கட்டுக்கு வேண்டுமானால் சரி, உள்ளங்கையைத் தொட வேண்டாம் என்றார். கட்டுவாப்பிட்டியில் இரத்தம் தெறித்த உயிர்த்த ஆண்டவரைத் துடைக்காமல் அப்படியே கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்களே, அது மாதிரி இருக்கட்டும் என்றார். அது வேறு இது வேறு அம்மா, இது உங்கள் விரலில் தேய்ந்தது என்றேன்.

“தெரியும்” என்றார்.

இந்த வருடம் பெரிய சனி உறை கழற்றும் வேலையை அவர் எனக்குத்தான் தந்தார். மேலால் தூக்கினேன், மெதுவாக.